முதற்பாட்டும் வழிப்பாட்டும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பாடி என்னும் ஊர்ப்பெயருக்கு அகராதிகள் சிற்றூர் என்றும் படைவீடு என்றும் பொருள் கூறும். ஆயினும் இலக்கணம் பயின்றோர் செவியில் அச்சொல் வேறொரு வகையாகவும் ஒலிக்கும். பாடி என்பது வினையெச்சமும் ஆகும். எச்சம் தனித்து முடியாது. தன்னை முடித்துவைக்கும் வினையொன்றை எதிர்நோக்கி நிற்கும். பாட்டின் இயல்பும் இதுவே. முதலில் பாடியவரோடு ஒரு பாட்டு முடிந்துவிடுவதில்லை. அடுத்துப் பாடுவோரை அது எதிர்நோக்கி நிற்கிறது. அவ்வாறு அடுத்துப் பாடுவோர் முதலில் பாடியவருக்கு எந்த அளவு கடன்பட்டவர், எந்த அளவு உரிமை உடையவர் என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

மேலைநாட்டு ராக் இசையில் ஒருவர் பாடிப் பதிவுசெய்த பாட்டை மற்றொருவர் பாடிப் பதிவுசெய்வதைக் 'கவர்' என்பர். தமிழ்நாட்டில் இதற்குப் பல பெயர்கள் வழங்கியுள்ளன. மேடையில் பாடினால் மெல்லிசை. ஒலிநாடாவில் பாடினால் 'வெர்ஷன்'. புதிய தாளம் சேர்த்துத் திரைப்படத்தில் பாடினால் 'ரீமிக்ஸ்'. பெயர்கள் பலவாயினும் பொருள் ஒன்றே. இவ்விரண்டையும் ஒப்பிடும்போது, "பழையது போல் வருமா?" என்று ஒரு சாராரும், "புதியதுதான் நன்றாக இருக்கிறது" என்று மற்றொரு சாராரும் கூறி அமைந்துவிடுகின்றனர். சுவை பற்றிய இவ்வழக்குக்கு முடிவில்லை. ஒப்பீட்டுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோல் தமிழ் மரபிலேயே இருக்கிறது.

முதலும் வழியும்

நூல்களை முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் பகுத்தவர் தொல்காப்பியர். வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகையாக்கியதும் அவரே. பின்வந்த பவணந்தியார், வழிநூல் முதல்நூலின் கருத்தோடு ஒத்துச் செல்ல வேண்டும் என்றும், பின்னோன் வேண்டும் வேறுபாடுகளுக்கும் அதில் இடமுண்டு என்றும் நன்னூலில் வரையறுத்தார். ஒத்தலும் வேறுபடலும் ஒருங்கே அமைந்ததே வழிநூல் என்பது இதனால் பெறப்படும். முற்றும் ஒத்தால் அது படி எடுத்தல். முற்றும் வேறுபட்டால் அது வேறொரு நூல். வழிநூல் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது. வான்மீகத்தை முதலாகக் கொண்ட கம்பரின் பெருமை இவ்விடைவெளியில் பிறந்ததே அன்றோ?

தொல்காப்பியர் ஓர் எச்சரிக்கையும் தருகிறார். முதல்நூலின் வழியில் வந்ததாயினும் வழிநூல் அமைப்பில் சிதைந்துபோகக்கூடும் என்று கூறி, அதற்கு உவமையாக, வல்லவன் அமைக்காத வாரத்தைக் காட்டுகிறார். வாரம் என்பது இசைமரபைச் சார்ந்த சொல். நூலைப் பற்றிப் பேசுமிடத்தில் இலக்கண ஆசிரியர் இசையைத் துணைக்கு அழைத்தார். இசையைப் பற்றிப் பேசுமிடத்தில் அவர் இலக்கணத்தைத் துணைக்கு அழைப்பதில் பிழையில்லை. ஆகவே மூலப் பதிவை முதற்பாட்டு என்றும், அதனைப் பின்பற்றிப் பாடப்பெற்றதை வழிப்பாட்டு என்றும் இவ்வுரை குறிக்கும்.

மூலம் எங்கே இருக்கிறது?

ஒப்பிடுமுன் ஒன்று தெளிவாக வேண்டும். ஒரு பாட்டின் மூலம் எதில் இருக்கிறது? சொல்லிலா, மெட்டிலா, குரலிலா, அன்றி இசைத்தட்டில் பதிந்த ஒலி முழுவதிலுமா? இவ்வினாவுக்கு மரபுக்கு மரபு விடை மாறுகிறது.

கருநாடக இசையில் தியாகராசர் கீர்த்தனையை ஒருவர் பாடினால் அதனை எவரும் நகல் என்று கூறுவதில்லை. மூலம் சொல்லிலும் மெட்டிலும் இருக்கிறது, குரல் பாடுபவருடையது. ஒரு வித்துவான் மற்றொரு வித்துவானைப் போலவே சங்கதிக்குச் சங்கதி பாடினால், "சொந்தச் சரக்கு இல்லை" என்று சபை முணுமுணுக்கும்.

ராக் இசையில் நிலைமை வேறு. அங்கே ஏட்டில் எழுதிய சுரத்திலும் மேலாக, ஒலிப்பதிவுக் கூடத்தில் கிடைத்த ஒலியே மூலம். மின்கிதாரின் உறுமலும், முரசின் அடியும், பாடியவரின் தொண்டைக் கரகரப்பும் அதில் அடங்கும். 1963 பிப்ரவரி 11 அன்று பீட்டில்ஸ் குழுவினர் தம் முதல் இசைத்தட்டுக்காக நாள் முழுதும் பாடி, இறுதியில் 'டுவிஸ்ட் அண்ட் ஷவுட்' என்னும் பாட்டைப் பதிவு செய்தனர். சளியால் கட்டியிருந்த ஜான் லெனனின் குரல் அப்பாட்டில் கிழிந்து ஒலிக்கிறது. அக்கிழிசலை நீக்கிவிட்டால் அப்பதிவு இல்லை. வியப்பு யாதெனில், உலகம் மூலமாக நினைக்கும் இப்பதிவே வழிப்பாட்டுத்தான். 1961-இல் டாப் நோட்ஸ் என்னும் இணையரும், 1962-இல் ஐஸ்லி சகோதரர்களும் அதற்கு முன்பே அதனைப் பாடியிருந்தனர்.

தமிழ்த் திரைப்பாட்டு இவ்விரு மரபுகளுக்கும் இடையில் நிற்கிறது. அதற்குச் சொல்லும் மெட்டும் உண்டு. ஆனால் மக்கள் அதனை அறிந்தது இசைத்தட்டாலும் வானொலியாலுமே. எனவே முன்னிசையும் இடையிசையும் உட்பட ஒலி முழுவதும் மூலமாகிவிட்டது. இதனால் ஒரே ஊரில், ஒரே செவியில், இரண்டு சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. மார்கழிக் கச்சேரியில் ஒருவர் மாற்றிப் பாடாவிட்டால் குறை; தெருமுனை மெல்லிசையில் மாற்றிப் பாடினால் குறை.

அச்சுப்போலப் பாடுதல்

கோயில் திருவிழாவிலும் திருமண வரவேற்பிலும் ஆயுத பூசை நாளிலும் மெல்லிசைக் குழுக்கள் மேடையேறிய காலத்தில், அவற்றுக்குக் கிடைத்த மிக உயர்ந்த பாராட்டு, "அப்படியே ரிக்கார்டு மாதிரி இருந்தது" என்பதே. இப்பாராட்டை எளிதாக எண்ணிவிடலாகாது. சுரத்தாள் கையில் இல்லாமல், வானொலியில் கேட்டுக் கேட்டே முன்னிசையின் வயலின் வரிசைகளையும் புல்லாங்குழலின் நெளிவுகளையும் மனத்தில் ஏற்றி, நாற்பது வாத்தியங்கள் செய்ததை எட்டுப் பேர் செய்துகாட்ட வேண்டியிருந்தது. பாவலர் சகோதரர்கள் என்னும் பெயரில் மேடை மேடையாகப் பாடித் திரிந்த குடும்பத்திலிருந்தே இளையராஜா வந்தார். வழிப்பாட்டு ஒரு பள்ளிக்கூடம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா முதலிய தொழிற்சாலைகள் 1960-களிலிருந்து இயங்கி வருகின்றன. அங்கே ஆயிரமாவது உறுப்பும் முதல் உறுப்பைப் போலவே இருக்க வேண்டும். மயிரிழை மாறினாலும் அது கழிவு. பகலெல்லாம் அவ்வொழுங்கில் உழைப்பவர் மாலையில் மெல்லிசை மேடையின் முன் அமர்ந்து, சௌந்தரராசன் குரலில் ஒரு கமகம் பிசகினால் கண்டுபிடித்துவிடுவார். அச்செவியைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. ஆனால் இயந்திர உறுப்புக்குரிய அறம் பாட்டுக்கு முழுமையாகப் பொருந்துமா என்பதே வினா.

பொருந்தாது என்பதற்கு ஒலிநாடாக்காலம் சான்று. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு பாட்டு முதலில் பதிவானபின், அறிவிப்புக் கொடுத்து உரிமைத் தொகையும் செலுத்தினால் வேறொருவர் அதனைப் பாடிப் பதிவு செய்யலாம் என்று இடமளித்தது. 1980-களில் டி-சீரிஸ் நிறுவனம் இவ்வழியில் பழைய இந்திப் பாட்டுகளைப் புதிய குரல்களில் பதிவுசெய்து குறைந்த விலையில் விற்றது. முகமது ரஃபியின் பாட்டுகளை அவர் குரலை ஒட்டியே பாடிப் பழகிய இளைஞர்கள் பின்னர்த் தமக்கெனப் பெயர் பெற்றனர். அவருள் சோனு நிகம் ஒருவர். ஆனால் அவர் பெயர் நிலைத்தது, ரஃபியைப் போலப் பாடிய நாடாக்களால் அன்று. பின்னர்த் தம் குரலில் பாடிய பாட்டுகளால். அச்சுப்போலப் பாடிய வழிப்பாட்டு மூலம் கிடைக்காத இடத்தில் மட்டும் வாழும். மூலம் கிடைத்துவிட்டால் அதற்கு வேலையில்லை. இன்று கைப்பேசியில் எந்த மூலப் பதிவும் நொடியில் கிடைக்கிறது. அந்நாடாக்களைத் தேடுவோர் அரியர்.

முதற்பாட்டை மாற்றிய வழிப்பாட்டுகள்

இனி மாற்றிப் பாடியோரைக் காண்போம். ராக் இசையுலகில் அடிக்கடி எடுத்துக்காட்டப்பெறும் இணை, பாப் டிலன் எழுதிய 'ஆல் அலாங் த வாட்ச்டவர்'. 1967 டிசம்பரில் வெளிவந்த டிலனின் பதிவு இரண்டரை நிமிடம். ஒரு கிதார், ஒரு வாய்இசைக் கருவி, அடக்கமான தாளம், உணர்ச்சி காட்டாத குரல். மறு ஆண்டே ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதனை நான்கு நிமிடமாக்கினார். சொல் அதே, மெட்டும் ஏறத்தாழ அதே. ஆனால் டிலன் சொல்லாமல் விட்ட புயலை ஹெண்ட்ரிக்ஸின் மின்கிதார் வரவழைத்தது. தொல்காப்பியர் வகைப்படி இது விரித்தல். 1970-இல் ஹெண்ட்ரிக்ஸ் மறைந்தபின், மேடையில் அப்பாட்டைத் தாம் அவர் பாடிய முறையிலேயே பாடிவருவதாக டிலனே குறிப்பிட்டார். முதல்வனே தன் வழிவந்தவனின் வழியில் நடந்தான்.

'ரெஸ்பெக்ட்' என்னும் பாட்டின் கதை இதனினும் நுட்பமானது. 1965-இல் ஓடிஸ் ரெட்டிங் அதனை எழுதிப் பாடினார். உழைத்துக் களைத்து வீடு திரும்பும் ஆண், தன் துணைவியிடம் மதிப்பைக் கேட்பது அதன் பொருள். 1967-இல் அரீதா ஃபிராங்ளின் அதனைப் பாடினார். மதிப்பு என்னும் ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லும் பகுதி அவர் சேர்த்தது. பாடுபவர் பெண்ணானதும் பாட்டின் பொருள் தலைகீழானது. பெண்ணுரிமை இயக்கமும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் அதனைத் தம் பாட்டாக ஏற்றன. அவ்வாண்டே ஒரு மேடையில், தம் பாட்டை ஒரு பெண் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று ரெட்டிங் நகைச்சுவையாகக் குறிப்பிட்டார். கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. பெரும்பாலான சொற்கள் மாறாமலே, சொல்பவர் மாறியதால் பொருள் மாறிற்று. சங்க அகப்பாட்டில் கூற்று யாருடையது என்பதைப் பொறுத்துப் பொருள் வேறுபடும் என்று கற்றவர்க்கு இது புதிதன்று.

தமிழில் இதற்கு இணையான ஒன்று 2018-இல் வெளிவந்த '96' திரைப்படத்தில் உண்டு. 1991-இல் வெளிவந்த 'தளபதி' படத்திற்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, மித்தாலி பானர்ஜி பாடிய 'யமுனை ஆற்றிலே' என்னும் சிறுபாட்டு அங்கே மீண்டும் வருகிறது. பள்ளி நாளில் தான் விரும்பும் பெண்ணிடம் அப்பாட்டைப் பாடுமாறு நாயகன் கேட்கிறான். அவள் பாடாமலே தவிர்க்கிறாள். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, மின்சாரம் நின்ற இருளில், அவள் அதனைப் பாடுகிறாள். சின்மயியின் குரலன்றி வேறு துணையில்லை. சொல்லும் மெட்டும் மாறவில்லை. வாத்தியங்கள் மட்டும் நீங்கின. கண்ணனுக்காகக் காத்திருக்கும் ராதையின் பாட்டு, காலம் கடந்துவிட்ட காதலின் பாட்டாயிற்று. ஹெண்ட்ரிக்ஸ் விரித்ததைப் போல, இங்கே தொகுத்தல் நிகழ்ந்தது.

இதற்கு மறுப்பும் உண்டு. பழைய பாட்டுகளைப் புதிய படங்கள் இவ்வாறு எடுத்தாள்வதை இளையராஜா 2019-இல் கடுமையாகக் கண்டித்தார். அக்காலத்துக்கேற்ற பாட்டை அக்காலத்து இசையமைப்பாளர் ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆக்கியோன் பக்கத்து நியாயத்தைப் புறந்தள்ளுவதற்கில்லை. 2017-இல், தம் இசையில் அமைந்த பாட்டுகளை அனுமதியின்றி மேடைகளில் பாடலாகாது என்று அவர் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு வழக்கறிஞர் அறிவிக்கை அனுப்பியபோது நாடே இரு கட்சியாகப் பிரிந்து பேசிற்று. முதற்பாட்டைப் பாடியவரே மேடையில் பாடும்போது வழிப்பாட்டுக்காரர் ஆகிறார் என்னும் விந்தை அன்று வெளிப்பட்டது. பின்னர் இருவரும் மனம் ஒன்றி, 2019-இல் மீண்டும் ஒரே மேடையில் தோன்றினர். வினா மட்டும் எஞ்சி நிற்கிறது.

பாரதியின் பைரவி

மூலப் பதிவே இல்லாத பாட்டுக்கு எது மூலம்? இவ்வினாவுக்குத் தமிழில் பாரதியே சிறந்த எடுத்துக்காட்டு. 1921-இல் மறைந்த அவர் குரல் எந்த இசைத்தட்டிலும் இல்லை. ஆயினும் அவர் தம் பாட்டுகள் பலவற்றுக்கு இராகமும் தாளமும் குறித்துச் சென்றார். கண்ணன் பாட்டில், பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு சொல்லிய 'கண்ணம்மா - என் குழந்தை' என்னும் பாட்டுக்குப் பைரவி இராகமும் ரூபக தாளமும் குறித்திருக்கிறார். தொடக்கத்திற்குச் சுரமும் கொடுத்திருக்கிறார்.

இன்று தமிழகத்தில் அப்பாட்டைத் தாலாட்டாகப் பாடும் தாய்மாரும், கச்சேரியின் பிற்பகுதியில் பாடும் பாடகரும் பெரும்பாலும் பைரவியில் பாடுவதில்லை. 1951-இல் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் எடுத்த 'மணமகள்' படத்திற்காக சி.ஆர். சுப்பராமன் அமைத்து, எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடிய இராகமாலிகையையே பாடுகின்றனர். காபியில் தொடங்கி இராகம் இராகமாக மாறிச் செல்லும் அம்மெட்டு, பாரதியின் மெட்டை மக்கள் நினைவிலிருந்து ஏறத்தாழ நீக்கிவிட்டது.

இது குற்றமா? ஒரே இராகத்தில் பாடும்போது பாட்டு முழுவதும் ஒரே பத்தி மனநிலையில் நிற்கும். குழந்தை பராசக்தி என்பது மறவாது. இராகமாலிகையில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு நிறம் வருகிறது. மகிழ்ச்சி, குழந்தையின் கண்ணீர் கண்ட பதைப்பு, தன்னையே ஒப்புவித்தல் என மனம் இடம் மாறுவது செவிக்குத் தெரிகிறது. அந்நிறங்கள் பாரதியின் சொல்லுக்குள் முன்பே இருந்தன. சுப்பராமன் அவற்றைப் புறத்தே கொணர்ந்தார். சொல்லை நன்கு படித்தவரின் மெட்டு அது. முதற்பாட்டின் கருத்தோடு ஒத்து, பின்னோன் வேண்டிய வேறுபாட்டைச் செய்ததால், நன்னூல் காட்டும் இலக்கணம் முழுதும் அமைந்த வழிப்பாட்டு அது எனலாம். இளம் வயதிலேயே, 1952-இல், சுப்பராமன் காலமானார். அவர் பெயரை அறியாமலே மூன்று தலைமுறைத் தாய்மார் அவர் மெட்டில் குழந்தைகளை உறங்கவைத்துள்ளனர்.

பாரதி பாட்டுகளுக்கு இவ்வுரிமை எளிதில் கிடைத்துவிடவில்லை. அவற்றை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு காலத்தில் தனியாரிடம் இருந்தது. அவ்வுரிமையை வைத்திருந்த ஏ.வி. மெய்யப்பன் அதனை அரசுக்கு விட்டுக்கொடுத்தார். 1949-இல் சென்னை மாநில அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாயின. யாரும் பாடலாம் என்றான பிறகுதான் ஒவ்வொரு தலைமுறையும் தன் பாரதியைப் பாட முடிந்தது.

சிதைவு எங்கே நிகழ்கிறது?

எல்லா மாற்றமும் ஏற்கத்தக்கதெனின் அளவுகோல் எதற்கு? 2000-க்குப் பின் தமிழ்த் திரையில் ரீமிக்ஸ் ஓர் அலையாக வந்தது. 1964-இல் 'படகோட்டி'யில் வந்த 'தொட்டால் பூ மலரும்' 2004-இல் 'நியூ' படத்திலும், 1970-இல் 'சொர்க்க'த்தில் வந்த 'பொன்மகள் வந்தாள்' 2007-இல் 'அழகிய தமிழ் மகன்' படத்திலும் மறுபிறவி எடுத்தன. அவ்வலையில் வந்த பாட்டுகளை மூலத்தோடு ஒருங்கு வைத்துக் கேட்போர் இரண்டு போக்குகளைக் காண்பர். மெட்டின் கவர்ச்சியை உணர்ந்து புதிய ஒலியாடை உடுத்தியவை ஒரு சில. பல்லவியை மட்டும் பிடித்துக்கொண்டு, சரணத்தைக் குறைத்து, இடையே தொடர்பற்ற சொற்களைத் திணித்தவை பல. பல்லவி ஒரு வினாவை எழுப்புகிறது. சரணம் விடை சொல்கிறது. சரணத்தை வெட்டினால் கவிஞன் வினா எழுப்பிய குற்றத்திற்காக வாய் கட்டப்பட்டவன் ஆகிறான். தொல்காப்பியர் குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் குற்றங்களுள் சேர்த்தார். இவ்வகை ரீமிக்ஸில் அவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன.

ஹெண்ட்ரிக்ஸ் செய்ததும் மாற்றமே. ரீமிக்ஸ் செய்வதும் மாற்றமே. வேறுபாடு யாது? முன்னவர் பாட்டின் பொருளை அறிந்து அதற்காக ஒலியை மாற்றினார். பின்னவருள் பலர் ஒலிக்காகப் பொருளைக் கைவிட்டனர். முதற்பாட்டுக்கு வழிப்பாட்டு செலுத்தும் முதற்கடன் சொல்லை அறிந்து பாடுவதே.

பெயர் என்னும் கடன்

இரண்டாம் கடன் ஒன்றுண்டு. அது பெயரைச் சொல்வது.

1952-இல் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்த 'ஹவுண்ட் டாக்' என்னும் பாட்டை முதலில் பாடியவர் பிக் மாமா தார்ன்டன் என்னும் கறுப்பினப் பெண்மணி. தன்னை ஏய்த்துத் திரியும் ஆணை வாசலிலிருந்து விரட்டும் பெண்ணின் பாட்டு அது. 1956-இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியபோது சொற்கள் மாறின; அவமதிக்கப்பட்ட பெண் மறைந்தாள்; வேட்டைக்கு உதவாத ஒரு நாய் மட்டும் எஞ்சியது. அப்பதிவு இலட்சக்கணக்கில் விற்று உலகப் புகழ் பெற்றது. தமக்கு அப்பாட்டால் கிடைத்தது ஐந்நூறு டாலர் காசோலை ஒன்றே என்று தார்ன்டன் பிற்காலத்தில் கூறினார். எல்விஸின் பாட்டு நன்றாக இல்லை என்று எவரும் கூற முடியாது. ஆயினும் அப்பாட்டின் வெற்றியில் ஒரு பெண்ணின் பெயரும் குரலும் கோபமும் புதைந்தன.

தமிழ்நாட்டு மேடைகளும் இப்பிழைக்கு விலக்கல்ல. "அடுத்து ஓர் எம்.ஜி.ஆர். பாட்டு", "இது ஒரு சிவாஜி பாட்டு" என்றே அறிவிப்பு வருகிறது. எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், முதலில் பாடியவர் யார் என்பன மறைகின்றன. வாலி எழுதிய பாட்டுகளைக் கண்ணதாசன் பாட்டுகள் என்று போற்றும் பேச்சுகள் இன்றும் நடக்கின்றன. இருபத்தொன்பது வயதில் மறைந்த பட்டுக்கோட்டையார் எழுதிய வரிகளைத் திரையில் வாயசைத்தவரின் கொள்கை முழக்கமாகவே அறிந்தோர் பலர்.

2012-இல் திருத்தப்பெற்ற பதிப்புரிமைச் சட்டம் இதில் குறிக்கத்தக்க வகையில் பேசுகிறது. மூலம் பதிவாகி ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே வழிப்பதிவு செய்யலாம். சொல்லையும் இசையையும் தேவையின்றி மாற்றலாகாது. மூலம் என்று மயங்கும்படி உறை அச்சிடலாகாது. இது வழிப்பதிவு என்று உறையிலேயே சொல்ல வேண்டும். நூலாசிரியர் பெயரையும் நூல் வந்த வழியையும் தொடக்கத்திலேயே கூறவேண்டும் என்று பாயிர இலக்கணம் வகுத்த மரபினர்க்கு இச்சட்டம் பழகிய குரலில் ஒலிக்கும். பாயிரத்தின் வேலையை இங்கே உறை செய்கிறது.

வலிதாயமும் எருக்கத்தம்புலியூரும்

பெயரைச் சொல்லும் கடன் முதலில் பாடியவருக்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்வூரே நினைவூட்டுகிறது. பாடியின் பழம்பெயர் திருவலிதாயம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடிய பதிகம் முதல் திருமுறையில் மூன்றாவதாக அமைந்துள்ளது. அதன் பண் நட்டபாடை. இக்காலத்து ஓதுவார் அதனைக் கம்பீரநாட்டை இராகத்தில் பாடுகின்றனர்.

நட்டபாடை என்னும் அக்குறிப்பு எவ்வாறு வந்து சேர்ந்தது? திருமுறை கண்ட புராணம் அதனைக் கூறும். சோழ மன்னன் விருப்பத்தால் நம்பியாண்டார் நம்பி தில்லையில் தேவார ஏடுகளைக் கண்டபோது, கறையான் அரித்தவை போக எஞ்சியவையே கிடைத்தன. சொல் கிடைத்தது, இசை கிடைக்கவில்லை. பாடிய மூவரும் மறைந்து நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. அப்போது எருக்கத்தம்புலியூரில், சம்பந்தரோடு யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண் இருந்தாள். தேவாரத்திற்குப் பண் அடைவு வகுத்துக் கொடுத்தவள் அவளே என்பது அப்புராணம் தரும் செய்தி.

அவள் சம்பந்தரின் குரலைக் கேட்டவள் அல்லள். அவள் முன்னோர் வழியாக வந்த நினைவே அவள் கையில் இருந்தது. அந்நினைவைக் கொண்டு அவள் பாடியது, இவ்வுரையின் வழக்கில் சொன்னால், வழிப்பாட்டு. இன்று தமிழகக் கோயில்களில் கேட்கும் தேவார இசை அந்த வழிப்பாட்டின் வழியே வந்தது. கேட்பதற்கு மூலப் பதிவு எங்கும் இல்லை. வழிப்பாட்டு இல்லையெனில் ஏட்டில் எழுத்து மட்டும் இருந்திருக்கும்.

ஆகவே முதற்பாட்டு பெரிதா வழிப்பாட்டு பெரிதா என்னும் வழக்கைக் கவிஞர்கள் விட்டுவிடலாம். மறுபடி பாடப்படாத பாட்டு ஏட்டில் கிடக்கும். பொருள் அறியாமல் பாடப்பட்ட பாட்டு வாயில் கிடக்கும். அறிந்து பாடப்படும்போதுதான் அது அடுத்த தலைமுறைக்கு நடந்து போகும். இவ்வட்டத்தில் ஒருவர் எழுதிய கவிதைக்கு மற்றொருவர் மெட்டமைத்து மூன்றாமவர் பாடும் நாளில், மூவர் பெயரும் ஒலிபெருக்கியில் சொல்லப்பட வேண்டும். பின்னொரு நாள் நான்காமவர் ஒருவர் அதனை வேறு மெட்டில் பாடினால், மூவரும் வருந்தாமல் முன்வரிசையில் அமர்ந்து கேட்க வேண்டும். அவர் பெயரையும் சொல்லச் செய்ய வேண்டும்.

ஏனெனில் வரலாறு இக்கடனை எளிதில் மறந்துவிடுகிறது. ஏடு தேடச் சொன்ன மன்னனுக்குப் புகழ் உண்டு. தொகுத்த நம்பிக்குப் பெயர் உண்டு. யாழ் வாசித்த பாணர் நாயன்மார் வரிசையிலேயே இடம் பெற்றார். பண்களை மீட்டுத் தந்த அப்பெண்ணை, பாணர் மரபில் வந்தவள் என்று மட்டுமே புராணம் கூறுகிறது. அவள் பெயரைக் கூறவில்லை.